பணப் புழக்கமும் நம் செலவுப் பழக்கமும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கு நாம் நெடுங்காலமாகக் கூறிவரும் அறிவுரைகளுள் முதன்மையானது சிக்கனம். வரவறிந்து செலவு செய்க, மிஞ்சியதைச் சேமித்து வைக்க என்பதே அதன் சாரம். இவ்வறிவுரையைக் கேட்கும் நெசவாளர் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றை எழுப்பக்கூடும். உழவர் யாவரும் சிக்கனத்தை மேற்கொண்டு, மகள் திருமணத்திற்குப் பட்டுப் புடவை எடுப்பதையே விட்டுவிட்டால், திருபுவனத்திலும் அய்யம்பேட்டையிலும் தறிகள் என்ன ஆவது? கூலியின்றி நிற்கும் நெசவாளர் எதைக் கொடுத்து அரிசி வாங்குவார்? அவர் வாங்காவிடில் உழவரின் நெல்லை யார் கொள்வது?

உழவரின் செலவே நெசவாளரின் வரவு. நெசவாளரின் செலவே உழவரின் வரவு. அவ்வாறாயின் நாம் சிக்கனத்தைப் போற்றுவதா, செலவைப் போற்றுவதா? இவ்விரண்டும் பகைபோலத் தோன்றினும் உண்மையில் பகையல்ல. பணம் என்பது எவ்வாறு ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வழியாக நம் வட்டாரத்தை விட்டு வெளியேறுகிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். அதனை ஒரு பாடமாக இங்கே நோக்குவோம்.

அளவும் ஓட்டமும்

மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி நீர் இருக்கிறது என்று நாம் நாள்தோறும் விசாரிக்கிறோம். 1934-ஆம் ஆண்டில் அவ்வணை திறக்கப்பட்டது முதல் அது டெல்டா மக்களின் வழக்கமாகிவிட்டது. ஆயினும் அணையில் நிற்கும் நீர் பயிரை விளைவிப்பதில்லை. கல்லணையைக் கடந்து, ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓடி, மடை வழியே வயலில் பாய்ந்த நீரே விளைவிக்கிறது. மேலும், தலைமடை வயலில் பாய்ந்த நீர் வடிந்து, கீழேயுள்ள வயலுக்கும் உதவுகிறது. ஒரே நீர் இரு முறையும் மும்முறையும் பயன்படுகிறது.

பணத்திற்கும் இத்தகைய இரு இயல்புகள் உண்டு. ஒன்று அதன் அளவு. மற்றொன்று அதன் ஓட்டம். ஊரில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது என்பது அளவு. அந்த ஒரு லட்சம் ஓர் ஆண்டில் எத்தனை முறை கை மாறுகிறது என்பது ஓட்டம். ஒரு முறை மட்டும் கை மாறினால் ஊரில் ஒரு லட்சம் ரூபாய்க்கே கொள்ளல் விற்றல் நடைபெறும். ஐந்து முறை கை மாறினால் ஐந்து லட்சத்திற்கு நடைபெறும். நோட்டுகளின் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் ஐந்து பேர் வருவாய் பெற்றுவிட்டனர். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் 1911-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை ஒரு சமன்பாடாக அமைத்துக் காட்டினார். பணத்தின் அளவை அதன் ஓட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது, விற்ற பண்டங்களின் மொத்த விலைக்குச் சமம் என்பது அதன் பொருள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பண்டம் பெருகாமல் பணத்தின் ஓட்டம் மட்டும் பெருகினால் விலைதான் ஏறும். ஆனால், தறி இருந்தும் நூல் இல்லாமல் நெசவாளர் இருக்கும் போதும், நிலமும் ஆளும் இருந்தும் நடவுக் கூலிக்குக் காசில்லாமல் உழவர் இருக்கும் போதும், ஓடிவரும் பணம் விலையை ஏற்றுவதைக் காட்டிலும் வேலையையே பெருக்கும். நம் வட்டாரத்தின் நிலை பல மாதங்களில் இதுவே.

ஓர் எளிய கணக்கு

விளக்கத்திற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சம்பா அறுவடைக்குப் பின், சாகுபடிச் செலவு போக ஓர் உழவர் கையில் ரூ. 10,000 மிஞ்சுகிறது. அதில் பத்தில் ஆறு பங்கை, அதாவது ரூ. 6,000-ஐ, அவர் நம் வட்டாரத்திலேயே செலவிடுகிறார். நெசவாளர் சங்கத்தில் ஒரு புடவை, தச்சருக்கு வேலைக் கூலி, கூட்டுறவுப் பண்டகசாலையில் மளிகை என்று அது பிரிகிறது. அதனைப் பெற்றவர்களும் அவ்வாறே பத்தில் ஆறு பங்கை இங்கேயே செலவிட்டால், அடுத்த சுற்றில் ரூ. 3,600 பிறர் வருவாயாகிறது. அதற்கடுத்து ரூ. 2,160, பின்னர் ரூ. 1,296. இவ்வாறு சுருங்கிக்கொண்டே சென்று நிற்கும் வரையில் அனைத்தையும் கூட்டினால், முதலில் வந்த ரூ. 10,000 நம் மக்களுக்கு மொத்தம் ரூ. 25,000 வருவாயாகியிருக்கும்.

இனி, ஒவ்வொருவரும் பத்தில் மூன்று பங்கை மட்டுமே இங்கே செலவிட்டு, எஞ்சியதை வெளியூர்ப் பொருளுக்கோ, பெட்டிக்கோ அனுப்பினால் என்ன ஆகும்? 10,000, 3,000, 900, 270 என்று விரைவில் வற்றிவிடும். கூட்டுத்தொகை ஏறத்தாழ ரூ. 14,286 தான். விளைச்சலும் ஒன்றே, நெல் விலையும் ஒன்றே; செலவுப் பழக்கம் ஒன்று மட்டும் மாறியதால் வட்டாரத்தின் வருவாயில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்துவிட்டது. இவ்வகைக் கணக்கை 1931-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிச்சர்டு கான் வகுத்தார். 1936-இல் கெயின்ஸ் தம் நூலில் விரித்துரைத்தார். உலகம் முழுவதும் பெருமந்தத்தில் மூழ்கி, பண்டமும் ஆளும் இருந்தும் வேலை இல்லாதிருந்த காலம் அது. அக்காலத்தில் நம் பகுதியிலும் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. வாங்கிய கடனோ வீழவில்லை. அதன் விளைவாகவே 1938-இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

டெல்டாவின் பண ஆண்டு

நகரத்து மாதச் சம்பளக்காரருக்குப் பணம் ஆண்டில் பன்னிரு முறை வருகிறது. நமக்கு அவ்வாறன்று. குறுவை விளைந்தால் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு முறை. சம்பாவும் தாளடியும் விளைந்தால் தை, மாசியில் ஒரு முறை. பின்னர் உளுந்து, பயறு விற்ற சிறு தொகை. 1972-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லை அளந்த பின், அதன் விலை உழவரின் வங்கிக் கணக்கிற்கே வந்து சேர்கிறது. ஆகவே, ஓரிரு மாதங்களில் பெருந்தொகை ஒன்றாக வந்து, எஞ்சிய மாதங்களில் கை வறண்டு நிற்பது நம் பண ஆண்டின் இயல்பு.

நெசவாளரின் ஆண்டு வேறு வகையானது. முகூர்த்தம் உள்ள தை, வைகாசி, ஆவணி மாதங்களையும் தீபாவளியையும் நோக்கியே புடவை விற்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணமில்லை, விற்பனை தளர்கிறது. ஆயினும் முகூர்த்தத்திற்கு விற்க வேண்டிய புடவையை முன் மாதங்களிலேயே நெய்தாக வேண்டும். விற்பனை குறைந்திருக்கும் அந்நாட்களிலேதான் பட்டு நூலும் சரிகையும் வாங்கவும், வாரக் கூலி கொடுக்கவும் சங்கத்திற்குப் பணம் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

ஆக, தை, மாசியில் உழவரிடம் உபரி. அடுத்த முகூர்த்தத்திற்கு நெய்ய வேண்டிய நெசவாளரிடம் பற்றாக்குறை. ஆனி, ஆடியில் குறுவை நடவு தொடங்கும் போது உழவரிடமே பற்றாக்குறை. ஒருவர் உபரி மற்றவர் பற்றாக்குறைக்குச் சென்று, உரிய காலத்தில் திரும்பி வருமாயின் இருவர்க்கும் தாழ்வில்லை. அதற்கு வாய்க்கால் ஒன்று வேண்டும். அவ்வாய்க்கால் இல்லாத இடத்தில் வட்டிக்காரர் நுழைகிறார்.

பணம் தேங்கும் இடங்களும் கசியும் இடங்களும்

பணம் நின்றுபோகும் இடங்கள் நான்கைக் குறிப்பிடலாம்.

முதலாவது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ரொக்கம். அவசரத்திற்கென்று சிறு தொகை வைத்திருப்பது அறிவுடைமையே. ஆனால் அறுவடைப் பணம் முழுவதும் ஆடி வரையில் பெட்டியில் கிடக்குமாயின், அந்த ஐந்து மாதமும் அது யாருக்கும் கூலியாகவில்லை.

இரண்டாவது, தங்கம். நம் நாட்டிற்கு வேண்டிய தங்கத்தில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. ஆகவே நகைக்குக் கொடுக்கும் பணத்தில் செய்கூலி போன்ற சிறு பங்கே உள்ளூரில் தங்குகிறது. எஞ்சியது கடல் கடந்துவிடுகிறது. எனினும் நகையை முற்றிலும் உறங்கும் செல்வம் என்று கூறுவது பொருந்தாது. அதனைச் சங்கத்தில் ஈடு வைத்து விதைக்கும் உரத்திற்கும் கடன் பெறுவது டெல்டாக் குடும்பங்களின் பழக்கம். தேவைப்பட்ட நாளில் அது விழித்தெழுகிறது. குறை நகை வாங்குவதில் அன்று. கடன் வாங்கி நகை வாங்குவதிலும், விதைக்கென இருந்த பணத்தை நகையாக்கிப் பின்னர் விதைக்கு அதையே அடகு வைப்பதிலும் இருக்கிறது.

மூன்றாவது, வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு ரூ. 50,000 வாங்கியவர் மாதம் ரூ. 1,500 கட்டுகிறார், ஆண்டு முடிவில் ரூ. 18,000 கட்டியும் அசல் அப்படியே நிற்கிறது. அந்தப் பதினெண்ணாயிரம் அவர் குடும்பத்தின் கையில் இருந்திருப்பின் துணியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் கூரை ஓடாகவும் மாறி, பலருக்கு வேலை தந்திருக்கும். வட்டிக்காரரோ அதனை மீண்டும் வட்டிக்கே விடுகிறார். ஏழையின் கையிலுள்ள ரூபாய் விரைந்து செலவாகும். செல்வரின் கையிலுள்ள ரூபாய் மெல்லவே செலவாகும். ஆதலால் வட்டி, கடன்பட்ட குடும்பத்தை மட்டுமன்றி ஊரின் கடைத்தெருவையும் வறளச் செய்கிறது. இதனோடு ஒப்பிடின், உரிய தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோர்க்குத் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடனுக்கு வட்டியே இல்லை.

நான்காவது, வெளியே செல்லும் விலை. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. உரமும் பூச்சி மருந்தும் தொலைவிலுள்ள ஆலைகளிலிருந்து வருகின்றன. அறுவடை இயந்திரங்களுள் பல பிற மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை பெற்றுச் செல்கின்றன. இவையனைத்தும் வேண்டுவனவே. வெளியூர் வாணிபமின்றி எவ்வூரும் வாழாது. நம் நெல்லும் புடவையும் வெளியூருக்குச் செல்வதால்தானே நமக்குப் பணம் வருகிறது! ஆனால், இங்கேயே கிடைப்பதை வெளியே வாங்குவது எவ்வளவு என்று ஒவ்வொரு வீடும் எண்ணிப் பார்க்கலாம். டிராக்டர் முதலியவற்றைச் சங்கமே வாங்கி, வேளாண் சேவை மையத்தின் வழியாக அங்கத்தினர்க்கு வாடகைக்கு விடுமாயின், அவ்வாடகையும் சங்கத்திற்குள்ளேயே தங்கும்.

2016-ஆம் ஆண்டின் பாடம்

பணத்தின் அளவு வேறு, ஓட்டம் வேறு என்பதை நூல்களில் படித்தறிய வேண்டிய தேவையை நமக்கு இல்லாமற் செய்தது 2016-ஆம் ஆண்டு.

அவ்வாண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. செப்டம்பர் 20-இல்தான் திறக்கப்பட்டது. ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியிருந்தோர்க்குக் குறுவை இல்லையாயிற்று; அந்த வரவும் இல்லையாயிற்று. எஞ்சிய நம்பிக்கை சம்பா ஒன்றே. சம்பாப் பயிர் வயலில் இளம்பயிராய் நின்றிருந்த வேளையில், நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அறிவிக்கப்பட்டது. நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அவ்விரு வகை நோட்டுகளே.

நவம்பர் 14-இல் ரிசர்வ் வங்கி மற்றுமோர் ஆணை பிறப்பித்தது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை மாற்றிக் கொடுக்கவோ வைப்பாகப் பெறவோ கூடாது என்பதே அது. வணிக வங்கிகளுக்கு இத்தடை இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தம் பணத்திற்கு மத்தியக் கூட்டுறவு வங்கியையே நம்பியிருப்பவை. ஆகவே, சங்கத்தில் கணக்கு வைத்திருந்த உழவர் கையில் பழைய நோட்டு இருந்தும் கடன் தவணையைக் கட்ட இயலவில்லை. கட்டாததால் புதுக் கடன் பெறவும் இயலவில்லை. நவம்பர் 17-இல் பயிர்க் கடன் கணக்குகளிலிருந்து வாரம் ரூ. 25,000 வரையில் எடுக்கலாம் என்றும், 21-இல் அரசு நிலையங்களில் பழைய 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து விதை வாங்கலாம் என்றும் சலுகைகள் வந்தன. 23-இல், கூட்டுறவு அமைப்பின் வழியாகப் பயிர்க் கடன் வழங்க நபார்டு வங்கி ரூ. 21,000 கோடி அளிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் நாள் உண்டு. அவை அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லை.

இங்கே ஒரு பழைய நிலைமையையும் நினைவிற்கொள்ள வேண்டும். முற்காலத்தில் தஞ்சைப் பண்ணைகளில் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டில் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் அம்முறை நிலவிய காலத்தது. களத்தில் அளந்த நெல்லுக்கு நோட்டு வேண்டியதில்லை. இன்றோ நடவு, களை முதலிய கூலி அனைத்தும் ரொக்கம். ரொக்கம் நின்றதும் கூலி நின்றது. கூலி நின்றதும் மளிகைக் கடையின் கல்லா நின்றது. முகூர்த்தத்திற்கு வைத்திருந்த தொகை செல்லாமற் போகவே, துணி எடுப்பதையும் பலர் தள்ளிவைத்தனர். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரி 10-இல் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. நீரும் பணமும் ஒருசேர வற்றிய ஆண்டு அது.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? ரிசர்வ் வங்கி பின்னர் வெளியிட்ட கணக்கின்படி, செல்லாதென அறிவித்த ஏறத்தாழ 15.4 லட்சம் கோடி ரூபாயில் 99.3 விழுக்காடு வங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டது. ஆகவே நாட்டின் செல்வம் மறைந்துவிடவில்லை. பணம் வங்கிகளுக்குள் இருந்தது. ஆனால் ஓட்டம் சில மாதங்கள் தடைப்பட்டது. அச்சில மாதங்களில் இழந்த கூலி எவர்க்கும் பிறகு திரும்பக் கிடைக்கவில்லை. செய்யாத வேலை செய்யாததே.

சிக்கனம் எது?

இனி, நெசவாளரின் கேள்விக்கு வருவோம்.

சிக்கனம் என்பது செலவிடாமை அன்று. இன்று எனக்கு வேண்டாத பணத்தை, இன்று வேண்டியிருக்கும் மற்றவர் செலவிடுமாறு விட்டுவைத்து, எனக்கு வேண்டிய நாளில் திரும்பப் பெறுவதே சிக்கனம். பெட்டியில் வைத்த பணம் இதனைச் செய்யாது. சங்கத்தில் வைத்த பணம் செய்யும்.

எவ்வாறு என்று பார்ப்போம். மாசியில் உழவர் தம் கடன் சங்கத்தில் வைக்கும் வைப்பு, சங்கத்தின் வழியாக மத்தியக் கூட்டுறவு வங்கியைச் சேர்கிறது. நம் பகுதியில் தஞ்சாவூர் மத்தியக் கூட்டுறவு வங்கியும் கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு வங்கியும் இப்பணியைச் செய்கின்றன. மத்தியக் கூட்டுறவு வங்கியே கைத்தறி நெசவாளர் சங்கங்களுக்கும் காசுக் கடன் அளிக்கிறது. அக்கடனில் நூல் வாங்கப்படுகிறது. நெசவாளர்க்குக் கூலி அளிக்கப்படுகிறது. அக்கூலி அரிசிக் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் செல்கிறது. புடவை விற்றதும் சங்கம் வங்கிக் கடனை அடைக்கிறது. ஆனியில் அத்தொகை பயிர்க் கடனாக உழவரிடம் வந்து சேரலாம். உழவர் புடவை வாங்காத மாதத்திலும் அவர் சேமிப்பு தறியை ஓட்டியிருக்கிறது. செலவும் சேமிப்பும் பகையல்ல என்றது இதனாலேயே.

இவ்வாய்க்காலை அமைப்பதற்கு நம் முன்னோர் எடுத்துக்கொண்ட முயற்சி பெரிது. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் தோன்றியது. 1905-இல் இன்றைய மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கிக்கு மூலமான வங்கி சென்னையில் தொடங்கப்பட்டது. 1935-இல் நெசவாளர் சங்கங்களின் விற்பனைக்கெனக் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. 1955-இல் திருபுவனத்தில் பட்டு நெசவாளர் சங்கம் அமைந்தது. அவ்வூர்ப் பட்டுப் புடவை 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இவ்வளவு முயன்றும், 1951-52-இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், கிராமத்தார் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு என்றும், வட்டிக்காரர் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு என்றும் தெரியவந்தது. சங்கம் பதிவு பெற்றுவிட்டால் மட்டும் போதாது. அங்கத்தினரின் பணமும் அதன் வழியே ஓட வேண்டும் என்பதை அவ்வாய்வு உணர்த்திற்று.

அயல்நாட்டு அனுபவமும் இதனையே கூறுகிறது. பெருமந்தக் காலத்தில் ஆஸ்திரிய நாட்டின் வோர்கல் என்னும் சிற்றூரில் மக்கள் அச்சத்தால் பணத்தை முடக்கிவைக்க, வேலையின்மை பெருகிற்று. 1932 ஜூலையில் அவ்வூர் நகராட்சி தானே ஒரு சீட்டை வெளியிட்டது. மாதந்தோறும் அதன் மதிப்பில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கு முத்திரை ஒட்டினாலன்றி அது செல்லாது. வைத்திருந்தால் நட்டம் என்பதால் மக்கள் அதை விரைந்து செலவிட்டனர். வரியையும் முன்னதாகவே கட்டினர். அதைக்கொண்டு ஊரில் பாதையும் பாலமும் கட்டப்பட்டன. அந்நாட்டு மத்திய வங்கியின் எதிர்ப்பால் 1933 செப்டம்பரில் இம்முயற்சி நின்றது. பணத்தைத் துருப்பிடிக்கச் செய்து ஓட்டும் வழி அது. இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில் 1844-இல் 28 பேர் கண்ட வழி அதனினும் மேலானது. நெசவாளர் பலர் இருந்த அக்குழுவினர் தம் அன்றாடச் செலவையே ஒரு கடையில் ஒன்று சேர்த்தனர். ஆதாயத்தை, அவரவர் வாங்கிய அளவிற்கேற்பப் பங்கிட்டுக் கொண்டனர். செலவிலிருந்தே முதல் திரண்டது. நம் சங்கங்கள் பின்பற்றுவது இவ்வழியையே.

சங்கத்திலும் பணம் தேங்கலாம்

தனி மனிதரின் பெட்டியில் மட்டுமன்று; சங்கத்திற்குள்ளும் பணம் தேங்குவதுண்டு. ஆண்டறிக்கை கைக்கு வரும்போது இலாபம் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து வைத்துவிடுவோர் பலர். அவர்கள் பின்வரும் மூன்றையும் பார்த்தல் நலம்.

ஒன்று, சரக்கிருப்பு. ஒரு நெசவாளர் சங்கம் ஆண்டிற்கு ரூ. 36 லட்சத்திற்கு விற்கிறது; எப்போதும் ரூ. 12 லட்சம் பெறுமான சரக்கு இருப்பில் கிடக்கிறது என்று கொள்வோம். சரக்கு ஆண்டிற்கு மும்முறை சுழல்கிறது. நான்கு முறை சுழலுமாறு, விற்கும் வண்ணத்தையும் கரையையும் அறிந்து நெய்தால், ரூ. 9 லட்சம் சரக்கிருப்பே போதும். மூன்று லட்சம் ரூபாய் விடுபட்டுக் கூலிக்கும் நூலுக்கும் கிடைக்கும். அதற்கு வட்டியும் மிச்சம்.

இரண்டு, தவணை கடந்த பாக்கி. கட்ட இயலாமல் நிற்பவரின் நிலை வேறு. அவர்க்குத் தவணை நீட்டிப்பு உண்டு. இயன்றும் கட்டாதவர், மடையை அடைத்துக்கொண்டு கீழ் வயலைக் காயவிடுபவரை ஒப்பர். அவர் வைத்திருக்கும் தொகை அடுத்த அங்கத்தினரின் நாற்றங்காலுக்குச் சேர வேண்டியது.

மூன்று, கூலி கொடுக்கும் நாள். புடவையை ஒப்படைத்த அன்றே கூலி பெறும் நெசவாளர் அதனை அவ்வாரமே செலவிடுகிறார். ஒரு மாதம் காக்க வைத்தால் அவர் தண்டல்காரரை நாடுகிறார். கூலியில் ஒரு பகுதி வட்டியாகிறது. அரசின் தள்ளுபடி மானியம் வரத் தாமதித்தால் சங்கம் இடர்ப்படும் என்பது உண்மையே. அவ்விடர்ப்பாட்டை வார வருவாயில் வாழ்பவர் தலையில் முதலில் இறக்குதல் தகாது. நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில் கூலி ரூபாய்க்கு 8 காசு அங்கத்தினர் செலுத்த, அரசு 4 காசு சேர்க்கிறது. கூலி ஒழுங்காகக் கிடைத்தாலன்றோ இச்சேமிப்பும் ஒழுங்காக நடைபெறும்!

வீட்டிற்கொரு கணக்கு

அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு அறுவடைப் பணத்திற்கு அல்லது ஒரு மாதக் கூலிக்கு எளிய கணக்கொன்று எழுதிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ஒரு தாளில் நான்கு பத்திகள் வரைக. நம் வட்டாரத்திலேயே செலவிட்டது, வெளியூர்ப் பொருளுக்குச் சென்றது, வட்டியாகச் சென்றது, வீட்டில் தங்கியது அல்லது சங்கத்தில் வைத்தது. கடைசிப் பத்தியில் வீட்டில் எவ்வளவு, சங்கத்தில் எவ்வளவு என்று பிரித்தெழுதுக. வீட்டுச் செலவின் உண்மைக் கணக்கை இல்லத்தரசியரே நன்கறிவர்; ஆதலின் அவர்களையும் உடன் வைத்து எழுதுவது சிறப்பு. எவரையும் குறைகூற இக்கணக்கு வேண்டியதில்லை. எந்தப் பத்தியை அடுத்த ஆண்டு சிறிது குறைக்கலாம், எதைச் சிறிது கூட்டலாம் என்று அறிந்தால் போதும். முதலில் வட்டிப் பத்தியைக் குறைப்பதே எளிதும் பயன் மிக்கதும் ஆகும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. நம் சங்கத்தின் நிதியில் அங்கத்தினர் வைப்பு எத்தனை பங்கு? மத்தியக் கூட்டுறவு வங்கியிடம் வாங்கிய கடன் எத்தனை பங்கு?

2. நம் ஊரில் அறுவடைப் பணம் மிகுந்திருக்கும் மாதங்கள் எவை? கடன் மிகுதியாகக் கேட்கப்படும் மாதங்கள் எவை? இடைப்பட்ட காலத்தில் அப்பணம் எங்கே இருக்கிறது?

3. ஒரு திருமணச் செலவை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கு இவ்வட்டாரத்து உழைப்பாளர்க்குச் சேர்ந்தது, எத்தனை பங்கு கடன் வாங்கிச் செய்தது என்று கணக்கிடுக.

4. 2016-ஐப் போல ரொக்கம் மீண்டும் ஒரு மாதம் தடைப்பட்டால், அங்கத்தினரின் நடவுக் கூலியும் நெசவுக் கூலியும் நிற்காமல் நடக்கச் சங்கம் இப்போதே செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடுகள் யாவை? அவற்றுள் ஒன்றையேனும் அடுத்த பொதுப்பேரவையில் தீர்மானமாகக் கொண்டு வருக.